மூட்டுவாதமும் மாற்றுத்திறனாளித் தகுதியும்: சேலம், நாமக்கல் சமவெளியை முன்வைத்து ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ மாற்றுத்திறனாளிச் சான்று கேட்டு வருவோருள் ஒரு வகையினர் தனித்து நிற்கின்றனர். போலியோவால் கால் சூம்பியவர்களும் விபத்தில் கை இழந்தவர்களும் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடுவர். இவர்களோ உறுப்புகள் எல்லாம் இருந்தும் அவற்றைப் பயன்படுத்த முடியாதவர்கள். தரையில் உட்கார்ந்தால் எழ முடிவதில்லை. சோறு பிசைய விரல் மடங்குவதில்லை. விடிந்து இரண்டு மணி நேரம் ஆகும்வரை உடம்பு விறைத்துக் கிடக்கிறது. மூட்டுவாத நோயாளிகளாகிய இவர்கள் எந்நிலையில், எவ்வளவு இழப்பில், எந்தச் சட்ட விதியின்படி மாற்றுத்திறனாளிகள் ஆகின்றனர் என்பதே இக்கட்டுரையின் வினா.

நம் முடிவை முதலிலேயே கூறிவிடுவது முறை. நோயின் பெயர் எவருக்கும் தகுதி தருவதில்லை. நிலைபெற்ற இயக்க இழப்பே தகுதி தருகிறது. அவ்விழப்பை அளக்கும் கூறுகள் பல. அவற்றுள் மூட்டுவாத நோயாளிக்குத் தீர்ப்பாக அமைவது மூட்டு மடங்கும் கோணம் அன்று, உடலின் நிலைத்தன்மையே. எளிதில் விடுபட்டுப் போகக்கூடிய கூறும் அதுவே. இதை நிறுவுவதற்கு முன் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம்.

2. நான்கு சொற்கள்

நோய் என்பது உடலில் நிகழும் மாற்றம்: குருத்தெலும்பு தேய்வது, மூட்டுறை வீங்குவது. குறைபாடு என்பது அம்மாற்றத்தால் ஓர் உறுப்பின் அமைப்பிலோ செயலிலோ நேரும் இழப்பு: முழங்கால் பாதிதான் மடங்குகிறது. இயலாமை என்பது அக்குறைபாட்டால் ஒருவர் செய்ய முடியாமற்போகும் செயல்: குத்துக்காலிட முடியவில்லை. தடை என்பது சூழல் அவர்முன் வைக்கும் இடையூறு: வீட்டுக் கழிவறை தரைமட்டத்தில் இருக்கிறது, பேருந்தின் முதற்படி முழங்கால் உயரத்தில் இருக்கிறது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இந்நான்கையும் ஒரே வரையறைக்குள் இணைக்கிறது. நெடுநாள் நீடிக்கும் குறைபாடு தடைகளோடு சேர்ந்து, பிறரோடு சமமாகச் சமூகத்தில் பங்கெடுப்பதைத் தடுக்குமாயின் அவர் மாற்றுத்திறனாளி. 2017 ஏப்ரல் 19 அன்று நடைமுறைக்கு வந்த இச்சட்டம், 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழாக இருந்த வகைகளை 21 ஆக்கியது. பார்க்கின்சன், தண்டுவட மரப்பு நோய், ரத்த ஒழுக்கு நோய் ஆகியவை பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டன. மூட்டுவாதம் சேர்க்கப்படவில்லை. ஆயினும் கதவு அடைபடவில்லை. எலும்பும் தசையும் சார்ந்த மண்டலமோ நரம்பு மண்டலமோ இரண்டுமோ பாதிக்கப்பட்டு, தன்னையும் பொருள்களையும் இயக்கும் செயல்களைச் செய்ய இயலாமையே இயக்கக் குறைபாடு என்று சட்டத்தின் அட்டவணை கூறுகிறது. மூட்டுவாதம் நுழையும் வாசல் அது. ஆகவே விண்ணப்பத்தில் ‘முடக்குவாதம்’ என்று எழுதுவதோடு நில்லாமல், அந்நோயால் எந்த மூட்டு எதைச் செய்ய மறுக்கிறது என்பதையும் காட்ட வேண்டியவராகிறார் விண்ணப்பதாரர்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. மாற்றுத்திறனாளி என்பதற்குச் சட்டத்தில் சதவீத வரம்பு இல்லை. 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்றளிக்கப்பட்டவரைச் சட்டம் தனி வகுப்பாகக் கொள்கிறது. இதனை நாம் ‘அளவுநிலை மாற்றுத்திறன்’ என்று வழங்குவோம். நிதியுதவிகளும் இடஒதுக்கீடும் பெரும்பாலும் இவ்வகுப்புக்கே உரியவை. அடிப்படை உரிமைகள் இரு வகுப்புக்கும் பொது.

3. நோய் வகைகள், அவை விட்டுச்செல்லும் இழப்பு

மருத்துவம் மூட்டுவாதங்களை நூற்றுக்கும் மேற்பட்ட வகைகளாகப் பிரிக்கும். தகுதி ஆய்வுக்கு அவற்றை இழப்பின் தன்மைப்படி வகுப்பதே பயன்தரும்.

முதல் வகை தேய்மான மூட்டுவாதம். முழங்காலையும் இடுப்பையும் பெரிதும் பற்றுவது. பயன்படுத்தப் பயன்படுத்த வலி கூடும். காலை விறைப்பு அரை மணிக்குள் தளரும். இழப்பு மெல்ல வளர்வது. வந்த பின் பெரும்பாலும் மீளாதது. கெல்கிரன், லாரன்ஸ் என்னும் இருவர் 1957இல் வகுத்த முறைப்படி எக்ஸ்ரே படத்தில் இதன் தீவிரம் 0 முதல் 4 வரை தரப்படுத்தப்படுகிறது. இத்தரத்தையே ஊனத்தின் அளவாகக் கொள்வது பிழை. மூன்றாம் தரத் தேய்மானத்தோடு மாடி ஏறுவோரும் உண்டு, இரண்டாம் தரத்திலேயே முடங்கியோரும் உண்டு.

இரண்டாம் வகை அழற்சி மூட்டுவாதம். உடலின் எதிர்ப்பாற்றல் தன் மூட்டுகளையே தாக்குவதால் வரும் முடக்குவாதம் இதில் தலையாயது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு மிகுதியாக, உழைக்கும் வயதிலேயே வருகிறது. இரு கைகளின் சிறுமூட்டுகளையும் ஒரே சீராகப் பற்றுகிறது. காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீடிக்கிறது. மருந்தின்றி விட்டால் விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்து நிலைத்துவிடும். முதுகெலும்பை இறுக்கும் மூட்டுவாதமும் இவ்வகையே. அது இளைஞர்களிடம் தொடங்கி, கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்கவும் முடியாதபடி செய்துவிடக்கூடும். லாரி ஓட்டுநருக்கு இதன் பொருள் வேலை போயிற்று என்பதே.

மூன்றாம் வகை, நோய்த்தொற்றோ வேதிப்பொருளோ விட்டுச்செல்லும் மூட்டிழப்பு: காசநோயால் அரித்த இடுப்பு மூட்டு, யூரிக் அமிலப் படிகம் சேரும் கவுட் நோய், சிக்குன்குனியாவுக்குப் பின் நீடிக்கும் மூட்டுவலி. 2006இல் தமிழகமெங்கும் பரவிய சிக்குன்குனியாவில் காய்ச்சல் ஒரு வாரத்தில் தணிந்தது. மூட்டுவலியோ பலருக்கு மாதக்கணக்கில் நீடித்தது. வந்து வந்து போகும் இவ்வகை வலி, மூட்டில் நிலைத்த சிதைவை விட்டுச் சென்றாலன்றித் தகுதிக் கணக்கில் ஏறாது.

4. தொழிலும் நீரும்

1997 ஜனவரி 1 அன்று சேலத்திலிருந்து நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தது. உழைப்பின் வரைபடத்தில் இரண்டும் இன்றும் ஒரே சமவெளி. பள்ளிபாளையம், குமாரபாளையம், இளம்பிள்ளை ஊர்களில் விசைத்தறி. சிவதாபுரம், பனங்காடு, செவ்வாய்ப்பேட்டைப் பகுதிகளில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை. ஆத்தூர், ராசிபுரம் பக்கம் மரவள்ளியும் சேகோ ஆலையும். நாமக்கல்லில் கோழிப்பண்ணையும் லாரிக் கூண்டு கட்டும் பட்டறையும். திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகள்.

இத்தொழில்கள் மூட்டுகளைப் பயன்படுத்தும் விதம் வேறுவேறு. தறிக்காரர் ஷிப்ட் முழுதும் நின்றபடி தறிகளுக்கிடையே நடக்கிறார். பாவு இழை அறுந்தால் குனிந்து முடிச்சுப் போடுகிறார். கிழங்கு தோல் உரிக்கும் பெண் நாள் முழுதும் குத்துக்காலிட்டிருக்கிறார். கொலுசுப் பட்டறையில் சம்மணமிட்டு அமர்ந்தவரின் வேலை முழுதும் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே நடக்கிறது; ஒரு வளையத்தைச் சாமணத்தால் பிடித்து அடுத்ததோடு கோத்துப் பற்றவைக்கும் அந்தப் பிடி தளர்ந்தால் கூலி நின்றுபோகும். நெடுங்காலம் குத்துக்காலிடுவதும் மண்டியிடுவதும் சுமை தூக்குவதும் முழங்கால் தேய்மானத்தை மிகுவிக்கும் என்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட உண்மை.

ஆயினும் காரணம் தொழிலே என்று நிறுவினாலும், 2025 வரை நடப்பிலிருந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், 1923 இவர்களுக்குக் கைகொடுக்கவில்லை. அதன் தொழில்நோய்ப் பட்டியலில் மூட்டுத் தேய்மானத்துக்கு இடமிருக்கவில்லை. மாற்றுத்திறனாளிச் சட்டத்தின் சிறப்பு இங்கேதான். இழப்பு எதனால் வந்தது என்று அது கேட்பதில்லை. எவ்வளவு என்று மட்டுமே கேட்கிறது. முதலாளியின் பெயரையோ வேலை செய்த ஆண்டுகளையோ மெய்ப்பிக்கச் சான்றில்லாத கூலித் தொழிலாளிக்கு இது பெரும் ஆறுதல்.

நீரைப் பற்றியும் ஒரு சொல். இச்சமவெளியின் அடியில் இருப்பது கடும்பாறை. ஆழ்துளைக் கிணற்று நீரில் சிற்சில இடங்களில் புளோரைடு மிகுந்திருக்கிறது. பல்லாண்டு அந்நீரைக் குடித்தவர்க்கு எலும்பு தடித்து, இணைப்பு நார்கள் இறுகி, முதுகும் மூட்டும் விறைக்கின்றன. தொடக்கத்தில் இது மூட்டுவாதம் போலவே தோன்றும். சதவீதக் கணக்கில் இரண்டும் ஒன்றே என்றாலும், சிகிச்சை முற்றிலும் வேறு. குடிநீரை மாற்றாமல் வலி மாத்திரையை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பதால் பயனில்லை.

5. அளவிடும் முறை

இயக்கக் குறைபாட்டை அளக்கும் முறையை நடுவணரசு 2018 ஜனவரி 4 அன்று அறிவிக்கையாக வெளியிட்டது. 2024 மார்ச்சில் அது திருத்தி வெளியிடப்பட்டது. கீழ்வரும் கணக்கு 2018ஆம் ஆண்டு அறிவிக்கையின் கட்டமைப்பைப் பின்பற்றியது.

5.1 கால்

காலின் இழப்பு இரு பெருங்கூறுகளாக அளக்கப்படுகிறது: இயக்கக் கூறு, நிலைத்தன்மைக் கூறு. ஒவ்வொன்றுக்கும் உச்ச மதிப்பு 90.

இயக்கக் கூறில் இரண்டு அளவைகள். ஒன்று, மூட்டு மடங்கும் வீச்சு. மருத்துவர் கோணமானியின் ஒரு கையைத் தொடையோடும் மறுகையைக் கணுக்காலை நோக்கியும் வைத்து, மடக்கச் சொல்லி, எத்தனை பாகை என்று குறிக்கிறார். இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றுக்கும் சம எடை; ஒவ்வொரு மூட்டின் இழப்புச் சதவீதத்தையும் 0.30 ஆல் பெருக்க வேண்டும். மற்றொன்று தசைவலு. வலு 0 முதல் 5 வரை தரப்படும். 5 என்றால் இழப்பில்லை, 4 என்றால் 20 சதவீத இழப்பு, 3 என்றால் 40, இப்படியே 0 என்றால் 100.

நிலைத்தன்மைக் கூறில் ஒன்பது செயல்கள். செயலுக்குப் பத்து மதிப்பு. சமதரையில் நடத்தல், சரிவில் நடத்தல், படியேறுதல், இரு காலிலும் நிற்றல், பாதித்த காலில் மட்டும் நிற்றல், குத்துக்காலிடுதல், சம்மணமிடுதல், மண்டியிடுதல், திரும்புதல்.

இரு மதிப்புகளைச் சேர்க்கும்போது வெறுமனே கூட்டக் கூடாது. பெரியதை ‘அ’ என்றும் சிறியதை ‘ஆ’ என்றும் கொண்டால், அ + ஆ(90 − அ)/90 என்பது சூத்திரம்.

இனி ஒரு முழங்காலை இம்முறையில் வைத்துப் பார்ப்போம். ஐம்பது வயதுத் தறித் தொழிலாளி ஒருவருக்கு வலது முழங்கால் தேய்ந்துள்ளது எனக் கொள்வோம். 140 பாகை மடங்க வேண்டிய கால் 84 பாகைதான் மடங்குகிறது. இழப்பு 56 பாகை, அதாவது 40 சதவீதம்; 0.30 ஆல் பெருக்க, 12. தொடைத் தசையின் வலு 4ஆம் தரம், இழப்பு 20 சதவீதம், 0.30 ஆல் பெருக்க, 6. இரண்டையும் சூத்திரத்தில் இட, இயக்கக் கூறு 17.2. அவரால் குத்துக்காலிட முடியாது, சம்மணமிட முடியாது, மண்டியிட முடியாது, படியேற முடியாது. நான்கு செயல், 40 மதிப்பு. பெரியது 40, சிறியது 17.2, சேர்த்தால் 49.6, முழு எண்ணில் 50 சதவீதம்.

நிலைத்தன்மைச் செயல்களைச் செய்யச் சொல்லிப் பார்க்காமல் கோணமும் வலுவும் மட்டும் அளந்தால் இதே முழங்காலுக்கு 17 சதவீதம். நான்கில் இரண்டை மட்டும் குறித்தால் நிலைத்தன்மைக் கூறு 20, இயக்கக் கூறு 17.2, சேர்த்தால் 33 சதவீதம். மூட்டு ஒன்று, சிதைவும் ஒன்று. விடையோ 17, 33, 50 என்று மூன்று. 40 என்னும் கோடு இவற்றின் நடுவே ஓடுகிறது.

ஒரு முழங்கால் அறவே மடங்காமற்போனாலும் வீச்சு இழப்பாக 30க்கு மேல் ஏறாது என்பதையும் இங்கே சேர்த்து எண்ண வேண்டும். ஆகவே கோணத்தை மட்டும் நம்பிய முழங்கால் நோயாளி கோட்டைக் கடப்பது அரிது. வழிகாட்டியை வகுத்தோர் குத்துக்காலிடுதலையும் சம்மணத்தையும் மண்டியிடுதலையும் சோதனையில் வைத்தது போற்றத்தக்கது. நம் மக்கள் தரையில் வாழ்கிறவர்கள் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். அந்த அறிவு தேர்வறையில் பயன்பட வேண்டுமானால் ஒன்பது செயல்களும் ஒன்றன்பின் ஒன்றாகச் சோதிக்கப்பட வேண்டும். விண்ணப்பதாரர் பக்கத்திலும் ஒரு தவறு நேர்கிறது. ‘உட்காருவியாம்மா?’ என்று கேட்டால் ‘ஏதோ சமாளிச்சுக்குவேனுங்க’ என்று கூச்சத்தோடு சொல்வது இந்தப் பகுதிப் பெண்களின் இயல்பு. சுவரைப் பிடித்து, இன்னொருவர் கைகொடுத்து, வலியோடு உட்காருவதை உட்காருதல் என்று சொல்வதற்கில்லை. அதை உள்ளபடியே சொல்ல வேண்டும்.

5.2 கை

கையின் இழப்பில் தோள், முழங்கை, மணிக்கட்டு ஆகியவை ஒரு கூறு. உள்ளங்கையும் விரல்களும் மற்றொரு கூறு. முடக்குவாதத்தில் பின்னதே முதன்மை. அதற்கும் உச்ச மதிப்பு 90. பிடிப்புக்கு 30, தொடுவுணர்வுக்கு 30, வலுவுக்கு 30. பிடிப்பை, பெருவிரல் மற்ற விரல்களைத் தொடுதல், பக்கவாட்டுக் கிள்ளுதல், உருளையைப் பற்றுதல், உருண்டையைப் பற்றுதல், கொக்கிப் பிடி என ஐந்தாகப் பிரித்துச் சோதிக்கின்றனர்.

இப்பகுப்பு நரம்புக் காயத்துக்கும் தொழுநோயில் மரத்த கைக்கும் நன்கு பொருந்தும். முடக்குவாதக் கைக்குப் பொருந்துவதில்லை. அதில் தொடுவுணர்வு பெரும்பாலும் குறைவதில்லை. சொல்லப்போனால் தொட்டாலே வலிக்கும் அளவுக்குக் கூர்மையாகிறது. ஆகவே மூன்றில் ஒரு பங்கு மதிப்பு தொடக்கத்திலேயே இவர்களுள் பலருக்கு இல்லாமற்போகிறது. எஞ்சிய 60க்குள்தான் அவர்கள் 40ஐ எட்ட வேண்டும். அடியோடு விரல் கோணிய பிறகே பலருக்கு அது கூடுகிறது. கொலுசுத் தொழிலாளிக்கோ கிள்ளும் பிடி ஒன்று போனாலே பிழைப்பு போகிறது. சதவீதம் உறுப்பை அளக்கிறது, தொழிலை அளப்பதில்லை. இந்த இடைவெளி இங்கே மிகத் தெளிவாகத் தெரிகிறது.

5.3 வலி

வலிக்கு இம்முறையில் சிறு கூடுதல் மதிப்பாக மட்டுமே இடம் கிடைக்கிறது. அளக்கக் கருவி இல்லை என்பது காரணமாகச் சொல்லப்படலாம். ஆனால் மூட்டுவாத நோயாளியை முடக்குவது கோணத்தைவிட வலியே. வலியால் நிறுத்திய இடத்தையே மூட்டின் எல்லையாகக் குறிக்க வேண்டுமேயன்றி, மருத்துவர் தம் கையால் அழுத்தி மடக்கிய இடத்தைக் குறிக்கலாகாது. நோயாளி தானே மடக்கும் வீச்சே அவர் வாழ்வில் பயன்படும் வீச்சு.

6. நிலைபேறு என்னும் நிபந்தனை

இழப்பு நிலைத்ததாக இருக்க வேண்டும். தக்க சிகிச்சைக்குப் பின்னும் எஞ்சுவதாக இருக்க வேண்டும். இந்நிபந்தனை தேய்மானத்தையும் முடக்குவாதத்தையும் வேறுவேறு விதமாகத் தொடுகிறது.

தேய்மானத்தில் கேள்வி அறுவை சிகிச்சையைப் பற்றியது. செயற்கை மூட்டு பொருத்தினால் சரியாகுமே என்று சான்றளிக்கும் மருத்துவ வாரியம் கேட்கக்கூடும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் மூட்டு மாற்று சிகிச்சைக்கு வழியுண்டு. சர்க்கரை நோயாலோ இதய நோயாலோ அறுவை சிகிச்சை தகாது என மருத்துவர் கூறியிருந்தால், அது எழுத்தில் இருப்பது இன்றியமையாதது.

முடக்குவாதத்தில் கேள்வி ஏற்ற இறக்கத்தைப் பற்றியது. வாரம் ஒருமுறை எடுக்கும் மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகள் நோயைப் பலருக்குக் கட்டுக்குள் கொண்டுவருகின்றன. ஆதலால் இழப்பு மாறக்கூடும் எனக் கருதும் இடத்தில், காலவரம்பு இட்ட தற்காலிகச் சான்று வழங்க விதிகள் இடம் தருகின்றன. அது மறுப்பு ஆகாது. காலம் முடியுமுன் மறுமதிப்பீட்டுக்குச் செல்வதே செய்ய வேண்டியது. இங்கே தொடர்ச்சியான மருத்துவப் பதிவு பெருந்துணை. மருத்துவமனைச் சீட்டுகள், ரத்தப் பரிசோதனை முடிவுகள், எக்ஸ்ரே படங்கள், 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு வரும் இயன்முறைச் சிகிச்சையாளரின் குறிப்புகள் ஆகியவற்றைத் தேதி வாரியாக அடுக்கி வைத்திருப்பவரின் இழப்பு நெடுநாளையது என்பதை எவரும் மறுக்க முடியாது.

7. சதவீதமும் அதனால் கிடைக்கும் உரிமைகளும்

40 முதற்படி. அவ்வளவுக்கும் அதற்கு மேலும் சான்று பெற்று, வறுமை நிபந்தனையும் நிறைவேறினால் வருவாய்த் துறை வழங்கும் மாற்றுத்திறனாளி உதவித்தொகை உண்டு. 2023 ஜனவரி முதல் அது மாதம் 1,500 ரூபாய். அரசுப் பணியில் 4 சதவீத இடஒதுக்கீட்டில் இயக்கக் குறைபாட்டுக்கான பங்கும், வருமான வரியில் 75,000 ரூபாய்க் கழிவும் இதே படியில் உள்ளன. சாதாரணக் கட்டண அரசு நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிகளுக்கும் உடன் செல்பவருக்கும் 2021 ஜூலை முதல் கட்டணமில்லை. ரயில் கட்டணச் சலுகைக்கு மட்டும் தனி நிபந்தனை: துணையின்றிப் பயணம் செய்ய இயலாதவர் என்னும் சான்று வேண்டும்.

75 இரண்டாம் படி. மாற்றுத்திறனாளிகள் நலத்துறை, கடும் பாதிப்புடையோருக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வழங்குகிறது. 80 மூன்றாம் படி. இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியமும், வருமான வரியில் 1,25,000 ரூபாய்க் கழிவும் இதற்குரியவை. மூட்டுவாத நோயாளிகளுள் பல மூட்டுகள் இறுகியவர்களே இவ்விரு படிகளை எட்டுகின்றனர்.

மூத்தோர் கேட்கும் ஒரு கேள்விக்கு விடை கூறுவோம். அறுபது கடந்த மூட்டு நோயாளி முதியோர் உதவித்தொகை பெறுவதா, மாற்றுத்திறனாளி உதவித்தொகை பெறுவதா? முன்னது 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாய் ஆனது. பிறருக்கான திட்டங்களைவிட மாற்றுத்திறனாளிக்கான உதவி குறைந்தது 25 சதவீதம் கூடுதலாக இருக்க வேண்டும் என்று சட்டத்தின் 24ஆம் பிரிவு விதிக்கிறது. 1,200இல் 25 சதவீதம் 300, கூட்டினால் 1,500. ஆகவே மாற்றுத்திறனாளி உதவித்தொகையே கூடுதல்; ஆனால் சட்டம் கேட்ட குறைந்தபட்சத்தில்தான் அது நிற்கிறது. முதியோர் தொகை இன்னும் உயருமானால் இதுவும் உயர்ந்தே தீர வேண்டும்.

8. சான்று பெறும் படிகள்

2021 ஜூன் 1 முதல் சான்று வழங்குவது தனித்துவ அடையாள அட்டைக்கான இணையதளம் வழியாக மட்டுமே. ஆதார், புகைப்படம், முகவரிச் சான்று, மருத்துவ ஆவணங்கள் ஆகியவற்றோடு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். பின்னர் மருத்துவமனையிலோ சிறப்பு முகாமிலோ மதிப்பீடு. அட்டையின் நிறம் அளவைக் காட்டும்: 40க்குக் கீழ் வெள்ளை, 40 முதல் 80க்குள் மஞ்சள், 80உம் அதற்கு மேலும் நீலம். 2017ஆம் ஆண்டு விதிகளில் ஒரு மாதமாக இருந்த, சான்று வழங்குவதற்கான காலவரம்பு 2024 அக்டோபர்த் திருத்தத்தில் மூன்று மாதமானது.

மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அதைக் கேட்டுப் பெறாமல் திரும்புவது பெருந்தவறு. 59ஆம் பிரிவு மேல்முறையீட்டு உரிமை தருகிறது. மேல்முறையீட்டில் ‘எனக்கு வலிக்கிறது’ என்பதைவிட ‘நிலைத்தன்மைச் செயல்கள் ஒன்பதும் சோதிக்கப்படவில்லை’ என்பது வலுவான வாதம். அட்டை கைக்கு வந்தபின் உதவித்தொகைக்கு வட்ட அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடமும், பராமரிப்புத் தொகைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடமும் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும். அட்டை வந்துவிட்டது, பணம் தானாக வரும் என்று காத்திருப்போர் ஏராளம்.

9. நாற்பதை எட்டாதோர்

33 சதவீதம் என்று சான்று பெற்றவர் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை. 2021 பிப்ரவரி 11 அன்று விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் நோயுடைய தேர்வர் ஒருவர் உதவி எழுத்தர் கேட்டார். 40 சதவீதம் இல்லை என்று தேர்வாணையம் மறுத்தது. நியாயமான வசதி என்பது மாற்றுத்திறனாளி அனைவருக்கும் உரியது, அளவுநிலை வகுப்புக்கு மட்டும் உரியதன்று என்பது தீர்ப்பின் சாரம். அதன் விளைவாக 40க்குக் குறைந்தோருக்கும் எழுத்தரும் கூடுதல் நேரமும் தரும் வழிகாட்டி 2022 ஆகஸ்டு 10 அன்று வெளிவந்தது. சிறுவயது மூட்டுவாதத்தால் விரல் வீங்கிய மாணவருக்கு இது நேரடியாகப் பயன்படும்.

அரசு ஊழியருக்கு 20ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவு அரண். பணிக்காலத்தில் மாற்றுத்திறனாளி ஆனவரை நீக்கவோ தரமிறக்கவோ கூடாது. செய்த வேலைக்குப் பொருந்தாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு பணி தர வேண்டும். அப்பிரிவு சதவீதம் எதையும் குறிப்பிடவில்லை. அரசுப் பேருந்து ஓட்டுநர் இதனை நன்கு அறிந்திருக்க வேண்டும்.

ஆலைத் தொழிலாளிக்கு இரு வழிகள். தொழிலாளர் அரசுக் காப்பீட்டில், ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளுக்குச் சந்தா கட்டப்பட்டிருந்தால், ஆண்டுக்கு 91 நாள்வரை கூலியில் 70 சதவீதம் நோய்க்கால உதவி உண்டு. வருங்கால வைப்பு நிதியின் 1995ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தில், செய்துவந்த வேலைக்கு நிரந்தரமாக முற்றும் தகுதியற்றுப் போனார் என்று மருத்துவ வாரியம் சான்றளித்தால், ஒரு மாதச் சந்தா மட்டும் கட்டியவருக்கும் ஓய்வூதியம் உண்டு. அந்த இயலாமை வேலையிடத்தில் நேர்ந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. இத்திட்டம் உறுப்பை அளக்காமல் வேலையை அளக்கிறது. அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு முறையும் இவ்வாறே எஞ்சிய உழைப்புத் திறனைப் பார்க்கிறது. குறைந்தது 12 மாதம் நீடிக்கும் இயலாமை வேண்டும் என்கிறது. அழற்சி மூட்டுவாதத்துக்கு அதன் பட்டியலில் தனித் தலைப்பே உண்டு. கூலிப் பட்டறையிலும் வீட்டுத் தறியிலும் உழைப்போர் பெரும்பாலும் தொழிலாளர் அரசுக் காப்பீடு, வைப்பு நிதி ஓய்வூதியம் இரண்டுக்கும் வெளியே நிற்கின்றனர். அவர்களுக்கு 40 சதவீதக் கோடு ஒன்றே வழி.

10. வழிகாட்டியில் வேண்டும் திருத்தங்கள்

ஆதலின் அக்கோட்டை வரையும் முறை நேர்மையாக இருந்தாக வேண்டும். மூன்று திருத்தங்களை நாம் முன்மொழிகிறோம்.

முதலாவது, மூட்டுவாதக் கைக்குத் தொடுவுணர்வின் 30 மதிப்பைப் பிடிப்புக்கும் வலுவுக்கும் பகிர்ந்தளிக்கும் மாற்று அட்டவணை. ஒரு நோயில் பெரும்பாலும் இழக்கப்படாத ஒன்றுக்கு மூன்றில் ஒரு பங்கை ஒதுக்கிவைப்பது அளவையே ஆகாது.

இரண்டாவது, நேரம். முடக்குவாத நோயாளி விடியலில் முடங்கி நண்பகலில் தளர்கிறார். மதிப்பீடு நடப்பதோ பெரும்பாலும் வெயில் ஏறிய பிறகு. பேருந்தில் வந்து, வரிசையில் நின்று, நடந்து நடந்து மூட்டு இளகிய வேளையில் எடுத்த அளவு அவருடைய நாளின் மிகச் சிறந்த பொழுதைக் காட்டுகிறது. காலை விறைப்பு எவ்வளவு நேரம் என்பதைச் சிகிச்சை அளிக்கும் மருத்துவரின் பதிவிலிருந்து எடுத்து மதிப்பளிக்க இடம் வேண்டும்.

மூன்றாவது, நாள் விதி. பிரிட்டனில் 2013இல் வந்த தனிநபர் சார்பற்ற நிலை உதவியில், ஒரு செயலைப் பாதிக்கு மேற்பட்ட நாள்களில் செய்ய முடியாதிருந்தாலே அது இயலாமையாகக் கொள்ளப்படுகிறது. பாதுகாப்பாக, போதிய தரத்தில், மீண்டும் மீண்டும், உரிய நேரத்துக்குள் செய்ய முடிகிறதா என்றும் பார்க்கப்படுகிறது. நம் வழிகாட்டியின் ஒன்பது செயல்களுக்கும் இவ்விதியைச் சேர்ப்பதில் செலவு எதுவும் இல்லை. தேர்வறையில் ஒருமுறை பல்லைக் கடித்துக்கொண்டு குத்துக்காலிட்டவருக்கு அந்தப் பத்து மதிப்பு மறுக்கப்படாமல் இருக்க அது ஒன்றே போதும்.